ஏழாம் அத்தியாயம்: கேட்கும் பெட்டி வீட்டுக்கு வந்தால்

குரல் உதவிப் பெட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். அதன் காதில் விழுபவர்கள் வீட்டிலுள்ள எல்லாரும். பெட்டிக்குள் என்ன நடக்கிறது, எந்தப் பொத்தானை அணைப்பது, எந்த அமைப்பை மாற்றுவது என்பதெல்லாம் இந்த அத்தியாயத்தில் வரும். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காதில் விழப்போகிறவர்களிடம் கேட்டுவிட்டீர்களா?

கேமரன் மலையில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 1929இல் தொடங்கிய போ நிறுவனத்தின் போ, பேர்லி, சுங்கை பாலாஸ் தோட்டங்களும், 1933 முதல் இருக்கும் பாரத் தோட்டமும் தொழிலாளர் குடியிருப்புகளோடு சேர்ந்து வளர்ந்தவை. லயத்து வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். சாயங்காலம் பனி இறங்கியதும் சன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்துவிடுவார்கள்: பாட்டி, மருமகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில நாள் அடுத்த வீட்டு அக்காவும். சம்பளப் பாக்கி, சீட்டுப் பணம், மண்டோரோடு மனத்தாங்கல், பெண்ணுக்கு வந்த வரன் எல்லாம் அங்கேதான் பேசப்படும். அத்தனையும் ஒரே மைக்கில் விழும். பெட்டியை வாங்கி வருகிற பிள்ளையோ ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர். தீபாவளி விடுமுறையில் வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதோடு வாழவேண்டியவர்கள் மலையில் இருப்பவர்கள்.

"எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பெட்டி எதுவும் இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி இருக்கிறதா? பேசித் தேடும் தொலைக்காட்சி ரிமோட் இருக்கிறதா? வாசலைப் பார்க்க மாட்டிய சின்னக் கேமராவில் மைக் இருக்கிறதா? இருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கும்தான். தோட்டத்து வீடுகளில் முதலில் நுழையும் குரல் உதவியாளர் மேசைமேல் உட்காராது. சட்டைப் பையில்தான் வரும்.

எப்போது கேட்கிறது

மைக் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் எல்லாப் பேச்சும் வெளியே போவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சிறிய மென்பொருள் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது: அமேசான் பெட்டியில் 'அலெக்ஸா', கூகல் பெட்டியில் 'ஹே கூகல்', ஆப்பிளில் 'சிரி'. அதுவரை விழும் பேச்சில் கடைசிச் சில நொடிகளை மட்டும் நினைவில் வைத்து, அதன்மேலேயே அடுத்த நொடிகளை எழுதி அழித்துக்கொண்டே போகும். விழிப்புச் சொல் கேட்டதும் விளக்கு எரியும்; அதற்குப் பிறகு பேசுவதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பிவைக்கும். அந்தக் கணினிகள் மலேசியாவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சிக்கல், அது தப்பாக விழிப்பதில்தான். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தொலைக்காட்சித் தொடர்களையும் செய்திகளையும் பெட்டிகளின் முன் ஓடவிட்டுப் பார்த்தார்கள். விழிப்புச் சொல்லே இல்லாமல் அவற்றை எழுப்பிவிடும் சொற்களும் சொற்றொடர்களும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. 'ஓகே கூல்' என்றால் கூகல் விழித்தது. 'எலெக்‌ஷன்' என்றால் அலெக்ஸா விழித்தது. 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் கண்ட கேமரன் மலையில் அந்த மாதம் இந்தச் சொல்லை எத்தனை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்!

அந்த ஆய்வு ஆங்கிலம், ஜெர்மன், சீன மொழிகளில் நடந்தது. நம் வீட்டுப் பேச்சு வேறு. மலாயும் ஆங்கிலமும் கலந்த தோட்டத் தமிழை ஆங்கிலத்துக்கு அமைத்த பெட்டியின் முன் பேசினால் அது என்னவாகக் கேட்கும் என்பதை நீங்களே சோதிக்க வேண்டியதுதான். இயந்திரம் எல்லாருடைய பேச்சையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. அமேசான், ஆப்பிள், கூகல், ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஒப்பிட்டார்கள். வெள்ளை அமெரிக்கர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை; கறுப்பு அமெரிக்கர் பேச்சில் 35. ஒரே நாடு, ஒரே மொழி, இத்தனை வேறுபாடு.

ஆகவே பெட்டியை மாட்டிய முதல் வாரம் விளக்கைக் கவனியுங்கள். யாரும் அழைக்காமல் விளக்கு எரிந்தால் அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். வீட்டில் அலெக்ஸ் என்றோ அலெக்ஸாண்டர் என்றோ ஒரு பிள்ளை இருந்தால் முதல் நாளே விழிப்புச் சொல்லை 'எக்கோ' அல்லது 'கம்ப்யூட்டர்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் பெட்டி எழுந்துகொள்ளும். ஐபோனை மேசைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைப் படம் பிடிக்க 'சிரி, சிரி' என்று சொல்லும் தாய்மாரும் ஒரு தரம் திரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

யார் கேட்கிறார்கள்

"இயந்திரம்தானே கேட்கிறது, மனிதர் கேட்கவில்லையே" என்ற ஆறுதல் 2019இல் உடைந்துபோனது. அந்த ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், அலெக்ஸா பதிவுகளைக் கேட்டு எழுத உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இருப்பதை வெளிப்படுத்தியது. பாஸ்டன், கோஸ்டாரிக்கா, ருமேனியா, இந்தியா என்று பல இடங்களில் உட்கார்ந்து, ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் துண்டுகள் வரை அவர்கள் கேட்டார்கள். ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு நிறுவனத்திடம் கூகல் பதிவுகள் ஆயிரத்துக்கு மேல் சிக்கின. அவற்றில் 153 பதிவுகளில் விழிப்புச் சொல்லே இல்லை. பெட்டி தானாக விழித்துப் பதிவு செய்தவை. அதே மாதம் சிரியின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்பதை கார்டியன் நாளிதழ் எழுதியது. மருத்துவரிடம் பேசியவை, படுக்கையறைச் சத்தங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு ஆப்பிள், பயனர் சம்மதித்தால் மட்டுமே மனிதர் கேட்பார் என்று மாற்றிக்கொண்டது. இது தொடர்பான அமெரிக்க வழக்கை, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலருக்கு 2025 ஜனவரியில் முடித்துக்கொள்ள இணங்கியது.

எங்கோ இருக்கும் ஊழியர் நம் பேச்சைக் கேட்பதால் நமக்கு உடனடியாக ஒரு கெடுதலும் வராமல் போகலாம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, தெரிந்தவர் காதுக்குப் போவது. 2018இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு தம்பதி வீட்டுத் தரைப் பலகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டி தன் பெயரைக் கேட்டதாக நினைத்து விழித்தது. அடுத்த பேச்சை 'செய்தி அனுப்பு' என்று எடுத்துக்கொண்டது. யாருக்கு என்று தானே கேட்டு, பின்னணிப் பேச்சிலிருந்து ஒரு பெயரையும் பொறுக்கிக்கொண்டது. பதிவு போய்ச் சேர்ந்தது, கணவரிடம் வேலை பார்த்தவருக்கு. தரைப் பலகைப் பேச்சு என்பதால் பிழைத்தார்கள். அதே பதிவு தோட்டத்தில் மண்டோருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போயிருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே ஒரு விதி: கைத்தொலைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைப் பெட்டியோடு இணைக்காதீர்கள். இணைத்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரின் எண் போதும்.

வீட்டாரிடம் எப்படிக் கேட்பது

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சேகரிக்கும் நிறுவனம் அதுபற்றி எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன பாட்டிக்கு அந்த அறிவிப்பால் ஒரு பயனும் இல்லை. நிறுவனம் செய்யாததை, பெட்டியை மாட்டுகிற பிள்ளை செய்ய வேண்டும். தொலைபேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தும் விரல் உங்களுடையது. சம்மதிக்கப்படும் குரல் பாட்டியுடையது.

நீளமாக விளக்க வேண்டியதில்லை. "பாட்டி, இது நீங்க பேசுறத கேட்கும். இந்த விளக்கு எரிஞ்சா நீங்க பேசுறது வெளிநாட்டுல இருக்கிற கம்பெனிக்குப் போகுது. இந்தப் பொத்தான அமுக்கினா சிவப்பு வரும், அப்புறம் கேட்காது. வச்சுக்கலாமா, வேணாமா?" இவ்வளவு போதும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். "உன் இஷ்டம்பா" என்று பாட்டி சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரனிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் பாட்டிகள் குறைவு. பொத்தானை அவர் கையாலேயே ஒரு தரம் அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கத் தெரிந்தவருடைய சம்மதம்தான் சம்மதம்.

அடுத்த வீட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள். லயத்தில் பொதுச் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்தால் அந்தப் பக்கத்துப் பேச்சும் கேட்கும். உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். சாமி மேடைக்கு அருகிலும் படுக்கும் இடத்திலும் வேண்டாம். விருந்தாளி வந்தால் மைக்கை அணைப்பது, செருப்பை வெளியே விடுவது மாதிரி வீட்டு வழக்கமாகிவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒருவர் சொன்னதை ஒருவர் மறந்துபோவார்கள், அல்லது மாற்றிச் சொல்வார்கள். பதிவோ நாளும் நேரமும் சேர்த்து அப்படியே கிடக்கும்.

அம்மாவுக்காக மாட்டும் பெட்டி

இந்தப் பெட்டிகளால் முதியவருக்கு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண் மங்கிய அம்மாவுக்கு மணி என்ன என்று கேட்டால் பதில் வரும். மாத்திரை நேரத்தை நினைவூட்டும். பொத்தான் தேடாமல் மின்னல் பண்பலையைக் கேட்கலாம். கைத்தொலைபேசியைத் தடவித் தடவி எண் தேடாமல் மகளைக் கூப்பிடலாம். முட்டிவலியோடு தனியாக இருக்கும் ஒருவருக்கு இது சின்ன உதவி இல்லை.

ஆனால் அமேசான் பெட்டிகளில் 'டிராப் இன்' என்று ஒரு வசதி இருக்கிறது. சாதாரண அழைப்பை அம்மா எடுத்தால்தான் பேச முடியும். டிராப் இன்னில் எடுக்க வேண்டியதே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொத்தானை அழுத்தினால் ரிங்லெட் வீட்டில் ஒரு மணியொலி கேட்கும். உடனே வீட்டுச் சத்தம் எல்லாம் மகனுக்கு வந்துவிடும். காது மந்தமான அம்மாவுக்கு அந்த மணியொலி கேட்குமா? கொல்லையில் இருந்தால்? மருமகள் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் வீட்டுப் பெட்டியில் நாத்தனார் நுழைந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

பிள்ளைகள் இதைக் கவலையால் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்ற பயம் உண்மையானது. ஆனாலும் கவலைப்படுகிறவருக்கு ஒட்டுக்கேட்கும் உரிமை வந்துவிடாது. அம்மா தெளிவோடு இருக்கும்வரை டிராப் இன்னை அணைத்தே வையுங்கள். செயலியில் அந்தப் பெட்டியின் அமைப்புக்குள் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பகுதியில் இதற்கான தெரிவு இருக்கிறது. வழக்கமான அழைப்பே போதும். தினம் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவது, எடுக்காவிட்டால் அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடுவது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் அது எந்தப் பெட்டியைவிடவும் நம்பகமானது. அந்த அக்காவிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவு தடுமாறும் நிலைக்கு அம்மா வந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசி, யாருக்கு மட்டும் அனுமதி, எந்த நேரத்தில், எந்த அறையில் என்று முடிவு செய்யலாம். ஒருவர் மட்டும் முடிவு செய்துவிட்டு மற்றவர்களுக்குப் பிறகு சொல்வது வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் வீட்டில் இருந்தால் அவருக்கும் சொல்ல வேண்டும். அவர் பேச்சும்தானே போகிறது.

அமேசான் பெட்டியின் விளக்குகளை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீலம் என்றால் கேட்கிறது. சிவப்பு என்றால் மைக் அணைந்திருக்கிறது. பச்சை சுற்றினால் யாரோ இணைப்பில் இருக்கிறார்கள். கூகலின் சிறிய பெட்டியில் பக்கவாட்டில் ஒரு விசை உண்டு; அணைத்தால் செம்மஞ்சள் விளக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை. அவசர எண் 999ஐ இந்தப் பெட்டி அழைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அந்த வேலைக்கு உருவானவை அல்ல இவை. 999, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையின் எண், அடுத்த வீட்டாரின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மின்சாரம் போனால் பெட்டி ஊமையாகிவிடும். சுவரில் எழுதியது இருக்கும்.

அமைப்புகளை மாற்றுவது

இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அலெக்ஸா செயலியில் 'அலெக்ஸா பிரைவசி' பகுதிக்குப் போங்கள். இதுவரை பதிவானவற்றை அங்கே கேட்கலாம், அழிக்கலாம். ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். நான் சொல்லும் எதையும்விட அது நன்றாகப் புரியவைக்கும். பிறகு குரல் பதிவுகளைச் சேமிக்க வேண்டாம் என்ற தெரிவைப் போடுங்கள். சில எக்கோ பெட்டிகளில் பேச்சை அமேசானுக்கு அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே கையாளும் தெரிவு முன்பு இருந்தது. 2025 மார்ச் 28 அன்று அமேசான் அதை நீக்கிவிட்டது. இப்போது தடுக்கக்கூடியது சேமிப்பதை மட்டும். அனுப்புவதைத் தடுக்க மைக் பொத்தான்தான் வழி. நிறுவனம் தந்த வசதியை நிறுவனமே எடுத்துவிட முடியும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைப்புகளைத் திரும்பப் பாருங்கள்.

கூகலில் உங்கள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் குரல், ஒலிப் பதிவைச் சேர்ப்பதற்கான கட்டம் உண்டு. அதில் குறியிட்டிருந்தால் நீக்குங்கள். பழைய செயல்பாடுகள் மூன்று மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். ஐபோனில் சிரி அமைப்புக்குள் பழைய பேச்சு வரலாற்றை அழிக்கலாம். 'இம்ப்ரூவ் சிரி' என்ற விசையை அணைத்து வைக்கலாம்.

பெட்டியில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் இணைக்காதீர்கள். பொருள் வாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையோ வங்கி அனுப்பும் டிஏசி எண்ணையோ பெட்டி இருக்கும் அறையில் உரக்கச் சொல்லாதீர்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 997ஐ அழையுங்கள்; அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

பிள்ளைகள் பெயரில் தனிக் கணக்கு திறக்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததற்காகவும், பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் சில தரவுகளை விடாமல் வைத்திருந்ததற்காகவும் அமேசான்மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. 2023இல் 2.5 கோடி டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. மலேசியாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்காகச் சம்மதம் தரவேண்டியவர் பெற்றோர் அல்லது காப்பாளர். அந்தச் சம்மதத்தைத் தர மறுப்பதும் உங்கள் கையில்தான்.

கணவனோ மனைவியோ பிரிந்துபோனால் பெட்டி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். கணக்கு அவரிடம் இருந்தால் வீட்டைவிட்டுப் போன பிறகும் அவர் உள்ளே இருப்பதாகவே அர்த்தம். பெட்டியைத் தொடக்க நிலைக்கு மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். விடாமல் பின்தொடர்ந்து கண்காணிப்பது தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் 2023 முதல் குற்றம். உதவிக்கு அழைக்க வேண்டிய தாலியான் காசே எண் 15999.

வாடகைக்கு விடும் வீடு

பிரிஞ்சாங், தானா ராத்தா அடுக்குமாடிகளில் வீடு வாங்கி விடுமுறைப் பயணிகளுக்கு விடும் நம்மவர்கள் உண்டு. பாட்டுக் கேட்கட்டும் என்று கூடத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். தன் கணக்கில் இயங்கும் பெட்டியை வைத்தால் விருந்தினர் கேட்டது, சொன்னது எல்லாம் வீட்டுக்காரரின் செயலியில் வந்து விழும். தேனிலவுக்கு வந்தவர்கள் என்ன பேசுவார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதை முழுக்கத் தடை செய்தது. சத்த அளவைக் காட்டும் கருவியை, முன்கூட்டித் தெரிவித்தால், பொது இடங்களில் வைக்கலாம். குரல் உதவிப் பெட்டி போன்ற கருவிகள் இருப்பதைச் சொல்லும்படி ஊக்குவிக்கிறதே ஒழியக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளாதீர்கள். என் தீர்ப்பு எளிது: வாடகை வீட்டில் பெட்டி வேண்டாம், சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் போதும். வைத்தே ஆக வேண்டும் என்றால் விளம்பரத்திலும் பெட்டிக்கு அருகிலும் எழுதிவையுங்கள், மைக்கை அணைத்து வையுங்கள், தேவையானவர் போட்டுக்கொள்ளட்டும். கூகல் பெட்டியில் 'கெஸ்ட் மோட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது போட்டிருக்கும்போது நடக்கும் பேச்சு வீட்டுக்காரரின் கணக்கில் சேராது.

நீங்கள் விருந்தினராகப் போனால் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விருந்தினர் போன பிறகு துப்புரவு செய்ய வரும் பெண்ணையும் அதே பெட்டிதான் கேட்கிறது என்பதை வீட்டுக்காரர்கள் நினைப்பதே இல்லை.

தொழிலாளர் விடுதி

இன்று கேமரன் மலையின் காய்கறிப் பண்ணைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்கும் இடத்தில் பாதுகாப்புக்கு என்று மைக் உள்ள கேமரா மாட்ட நினைக்கும் முதலாளிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து படுக்கும் இடத்தில் ஒருவர் தாய்மொழியில் வீட்டுக்குப் பேசுவதை நிர்வாகம் கேட்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. தொழிலாளர் வீட்டுவசதிக்கு 446ஆம் எண் சட்டம் இருக்கிறது. இடம், தண்ணீர், மின்சாரம், கழிப்பறை பற்றி அது விவரமாகப் பேசுகிறது. மைக்கைப் பற்றித் தரவுச் சட்டத்தில்தான் தேட வேண்டும். வாசலில் கேமரா வைக்கலாம்; ஒலிப்பதிவை அணைத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு ஒட்டி வையுங்கள். நம் தாத்தாக்கள் லயத்தில் என்ன பேசினார்கள் என்று துரைக்கு எடுத்துச் சொன்ன ஆட்களைப் பற்றி நாம் இன்றும் நல்லவிதமாகப் பேசுவதில்லை.

சட்டம் எதுவரை வரும்

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகம் சார்ந்த தரவுக்கு அது பொருந்தும். உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவை எழுத்தில் கேட்டால் 21 நாளில் பதில் தர வேண்டும். 2024இல் செய்த திருத்தம் 2025இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமானது. உடல் அடையாளத் தரவு நுண்ணுணர்வுத் தரவுகளில் சேர்ந்தது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நடந்தால் நிறுவனம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த, குடும்ப, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவை விலக்கிவிடுகிறது. கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் சட்டம் பொருந்தாது. சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆம் விதி தரும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. அது குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள உரிமை. மகன் அம்மாவின் பேச்சைக் கேட்டால் தரவு ஆணையர் வரமாட்டார். அங்கே வீட்டார் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் விதிதான் சட்டம்.

நிறுவனத்தின்மீதோ, வாடகை வீட்டையும் தொழிலாளர் விடுதியையும் தொழிலாக நடத்துபவர்மீதோ புகார் இருந்தால் புத்ராஜெயாவிலுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் கொடுக்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். நடந்த தேதி, பெட்டியின் மாதிரி எண், செயலியில் தெரிந்த பதிவின் திரைப்பிடிப்பு, நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம், அவர்கள் தந்த பதில் ஆகியவற்றை இணையுங்கள். பதிவுகளை அழிப்பதற்கு முன்னாலேயே இவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். அழித்த பிறகு புகாருக்கு ஆதாரம் இருக்காது.